சன்சாய் டெம்புரா ஏன் பஜ்ஜியாகிவிடுகிறது?

ஜப்பானின் நாகனோவில் குடியிருக்கும் ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது. பக்கத்து வீட்டுப் பாட்டி ஏப்ரல் கடைசியில் ஒரு பை நிறைய சன்சாய், அதாவது மலையில் தானாக முளைக்கும் கீரைகளும் மொட்டுகளும், கொடுத்திருக்கிறார். இவர் வீடியோ பார்த்து, மெல்லிய கோதுமை மாவில் தோய்த்துப் பொரிக்கும் டெம்புரா போட்டிருக்கிறார். மேல்மாவு தடிமனாக வந்து, தட்டில் வைத்த சில நிமிடங்களில் சொதசொதத்துப் போனது, உள்ளே இருந்தது வாயில் வைக்க முடியாத கசப்பு என்கிறார். மாவில் என்ன சேர்த்தால் சரியாகும், கசப்பு போக முதலில் வேகவைக்க வேண்டுமா, அடுத்த வாரம் குடும்பத்தோடு மலைக்குப் போய் நாமே பறிக்கலாமா என்று மூன்று கேள்விகள். கூடவே, வீட்டில் மனைவி சுத்த சைவம் என்றும் எழுதியிருக்கிறார்.

மாவில் எதைச் சேர்ப்பது என்று கேட்டாலும், உங்களுக்குத் தேவையான பதில் மாவை எப்படிக் கலக்குவது என்பதில் இருக்கிறது. கசப்பை எப்படிப் போக்குவது என்பதைவிட எவ்வளவு கசப்பை விட்டுவைப்பது என்பதுதான் இந்தச் சமையலில் முக்கியம். மூன்றாவது கேள்விக்கு மட்டும் நேரடியாக, கொஞ்சம் கண்டிப்பாகவே பதில் சொல்வேன். நான் நீகாட்டாவில், பனி அதிகம் விழும் பகுதியில், ஒரு சிறிய விடுதியின் சமையலறையில் பல வருடங்கள் வேலை செய்தவன். பனி உருகும் நாளிலிருந்து ஜூன் வரை அங்கே சன்சாய் இல்லாத இரவுச் சாப்பாடே கிடையாது. அங்கே கற்றதிலிருந்து எழுதுகிறேன். சமையல்தான் என் தொழில். செடிகளை அடையாளம் சொல்லும் நிபுணன் நான் இல்லை.

முதலில் மாவு. நம் வீட்டில் பஜ்ஜிக்கோ போண்டாவுக்கோ கடலை மாவு கரைத்துப் பழகிய கை, டெம்புராவுக்கும் அப்படியே அடித்துக் கலக்கும். கடலை மாவில் குளூட்டன் என்னும் இழுவைப் புரதம் கிடையாது. எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறி மாவு லேசாகுமே தவிர இழுவை வராது. டெம்புராவுக்குப் போடுவது கோதுமை மாவு. அதை அடிக்க அடிக்க, தண்ணீரில் ஊற ஊற, அதிலுள்ள புரதம் வலைபோல் பின்னிக்கொள்ளும். அந்த வலை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பொரியும்போது நீராவி முழுதாக வெளியேறாது. எடுத்து வைத்த பிறகு உள்ளே தங்கிய ஈரம் மெல்ல மேலே வந்து மொறுமொறுப்பைக் கெடுத்துவிடும். உங்கள் தட்டில் நடந்தது இதுதான் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். கடலை மாவில் நல்ல பழக்கமாக இருப்பது இங்கே கெட்ட பழக்கமாகிவிடுகிறது.

ஆகவே புரதம் குறைவான மாவு வேண்டும். கடையில் ஹகுரிகிகோ என்று கேளுங்கள். ஏறக்குறைய 8 சதவீதம் புரதம் உள்ள மெல்லிய மாவு அது. ரொட்டிக்கு விற்கும் கியோரிகிகோவைத் தவறிக்கூட எடுக்காதீர்கள். மாவைச் சலித்து, பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். தண்ணீரும் ஐஸ் போட்டுக் குளிர்ந்ததாக இருக்கவேண்டும். குளிரில் குளூட்டன் மெதுவாகத்தான் உருவாகும். பொதுவான கணக்கு, ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, அதோடு குளிர்ந்த தண்ணீர் சேர்த்து 200 மில்லி ஆக்கிக்கொண்டு, 110 முதல் 120 கிராம் மாவு போடுவது. இறாலுக்கும் கத்திரிக்காய்க்கும் அது சரி. மலைக் கீரைக்கு நான் 100 கிராமோடு நிறுத்திக்கொள்வேன். சாப்ஸ்டிக்கில் எடுத்துப் பார்த்தால் பால் போல ஓடவேண்டும், கீரையின் பச்சை நிறம் மாவுக்குள்ளிருந்து தெரியவேண்டும். கலக்கும்போது சுழற்ற வேண்டாம். சாப்ஸ்டிக்கால் குத்திக் குத்தி ஒரு பத்துப் பதினைந்து முறை புரட்டினால் போதும். ஓரத்தில் உலர்ந்த மாவும் நடுவில் சிறு கட்டிகளும் மிதந்தால் பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்கவேண்டும். அப்புறம், மொத்த மாவையும் ஒரேயடியாகக் கரைத்து வைக்காதீர்கள். பாதி கரைத்து, தீர்ந்ததும் மீதியைக் கரையுங்கள்.

முட்டை இல்லாமலும் நன்றாக வரும். 80 கிராம் ஹகுரிகிகோ, 20 கிராம் கட்டகுரிகோ என்னும் உருளைக்கிழங்கு ஸ்டார்ச், 160 மில்லி ஐஸ்போலக் குளிர்ந்த சோடாத் தண்ணீர். ஸ்டார்ச்சில் புரதம் இல்லாததால் மாவு இன்னும் உலர்வாகப் பொரியும், சோடாவின் குமிழி மேல்தோலைத் துளைத்துளையாக்கும். நிறம் கொஞ்சம் வெளுப்பாக இருக்கும், அவ்வளவுதான். உப்பு, பெருங்காயம், மிளகாய்த்தூள் எதையும் மாவில் சேர்க்க வேண்டாம். அவை போட்டதும் கீரையின் மணம் பின்னால் போய்விடும். இந்தக் கீரைகளுக்காகக் காலையில் பனிச்சரிவில் ஏறுகிறவர்கள் தேடிப்போவதே அந்த மணத்தைத்தான்.

ஏன் இவற்றை டெம்புராவாகப் போடுகிறார்கள் என்று தெரிந்தால் கசப்புக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். மலைக் கீரைகளின் கசப்பையும் காறலையும் ஜப்பானியர் அகு என்கிறார்கள். அதை எடுக்கப் பெரும்பாலும் கொதிநீரில் போட்டுத் தண்ணீரில் ஊறவைப்பார்கள். அப்போது கசப்போடு மணமும் தண்ணீரில் போய்விடும். எண்ணெயில் பொரிக்கும்போது மணம் மாவுக்குள்ளேயே அடைபட்டு நிற்கிறது. எண்ணெய்ப்பசை நாக்கில் படிவதால் கசப்பு மட்டுப்பட்டுத் தெரிகிறது. அதனால் ஃபுகினோதோ என்னும் மொட்டையும் தாரானோமே என்னும் குருத்தையும் வேகவைக்காமல் நேராகப் பொரிப்பதுதான் வழக்கம். கசப்பு முழுதும் போகாது, போகவும் கூடாது. நம் பாகற்காயைக் கசப்பில்லாமல் செய்தால் அது பாகற்காயாகவா இருக்கும்? ஆனால் தாங்க முடியாத அளவு கசந்தது என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். மொட்டு விரிந்து முற்றியிருக்கும், அல்லது பறித்துப் பல நாள் ஆகியிருக்கும். ஃபுகினோதோ பறித்த நேரத்திலிருந்தே கசப்பு ஏறிக்கொண்டே போகும்.

இனி ஒவ்வொன்றாக. ஃபுகினோதோ என்பது ஃபுகிச் செடியின் பூமொட்டு. பனி விலகியதும் இலைக்கு முன்னால் தரையைப் பிளந்துகொண்டு வருவது. வெளியே பழுத்த, கறுத்த இதழ்களை மட்டும் கிள்ளிவிட்டு, மற்ற இதழ்களை விரல்களால் வெளிப்பக்கம் மடித்துப் பூப்போல விரித்துவிடுங்கள். விரித்த மொட்டில் சூடு உள்ளே வரை போகும், இதழ் ஓரங்கள் சருகுபோல மொறுமொறுக்கும், கசப்பும் குறையும். மூடிய மொட்டாகவே போட்டால் நடுவில் வேகாத கசப்புக் கட்டி நிற்கும். உங்களுக்கு நேர்ந்தது இதுவாகவும் இருக்கலாம். விரித்த பக்கம் எண்ணெயில் கீழே இருக்கும்படி விடுங்கள். 160 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஒன்றரை, இரண்டு நிமிடம். நடுத்தண்டு இளகியதும் எடுத்துவிடலாம்.

தாரானோமே முள்மரத்தின் நுனிக் குருத்து. அடியில் மரப்பட்டைபோல ஒட்டியிருக்கும் செதிலை உரித்து, கடினமான அடிப்பகுதியைச் சீவி, தடிமனான குருத்தாக இருந்தால் அடியில் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுங்கள். இளங்குருத்தின் சிறு முட்கள் எண்ணெயில் மெத்தென்று ஆகிவிடும், அவற்றைச் சுரண்ட வேண்டியதில்லை. கையில் குத்துகிற அளவு முள் இருந்தால் கத்தியின் முதுகால் தேய்த்து எடுங்கள். 170 டிகிரியில் இரண்டு நிமிடம் வரை பிடிக்கும். சூப்பர் மார்க்கெட்டில் குளிர்காலத்திலேயே டப்பாவில் கிடைப்பது வளர்ப்புத் தாரானோமே. கிளைகளை வெட்டி வெதுவெதுப்பான கூடாரத்தில் நீரில் நிறுத்தித் துளிர்க்க வைப்பார்கள். யமகட்டா மாநிலம் அதற்குப் பெயர்போனது. மணம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் கை பழகுவதற்கு அதைவிட நல்லது இல்லை.

கோஷியாபுரா இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. தாரானோமேயின் உறவுதான், இலை மெல்லியது, மணம் ஆழமானது. அதனாலேயே அரை நிமிடம், முக்கால் நிமிடத்துக்கு மேல் எண்ணெயில் நிற்கக்கூடாது. உடோ என்றால் இளங்குருத்தும் இலையும் பொரிக்க, தண்டைத் தோல் சீவி வேறு சமையலுக்கு வைத்துக்கொள்ளலாம். யொமொகி போன்ற தனி இலைகளுக்கு ஒரு பக்கம் மட்டும் மாவு தொட்டு விடுங்கள். இரண்டு பக்கமும் தோய்த்தால் இலை காணாமல் போய் மாவுதான் மிஞ்சும்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று: கழுவிய கீரையை ஒரு சொட்டு ஈரமில்லாமல் துணியில் ஒற்றி உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் மாவு வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும், எண்ணெயும் தெறிக்கும். உலர்ந்ததும் மேலே வெறும் மாவை மெல்லத் தூவி, மிச்சத்தை உதறிவிட்டு, அப்புறம் கரைத்த மாவில் தோய்ப்பது ஜப்பானிய வழக்கம். எண்ணெய் மூன்று, நான்கு சென்டிமீட்டர் ஆழமாவது இருக்கவேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு சொட்டு மாவு விட்டுப் பாருங்கள். அடிவரை போய் மெதுவாக எழுந்தால் 160 பக்கம், பாதி ஆழத்திலேயே திரும்பி வந்தால் 170, 180. உள்ளேயே போகாமல் மேலே சிதறினால் சூடு அதிகம், அடுப்பைக் குறையுங்கள். சட்டியின் பரப்பில் பாதிக்கு மேல் நிரப்பினால் சூடு சட்டென்று இறங்கி, மாவு எண்ணெய் குடிக்கும். விருந்தாளிகள் காத்திருக்கிறார்களே என்று அள்ளிப் போடுவதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு. பொரியும் சத்தத்தைக் கவனியுங்கள். முதலில் தடித்த சலசலப்பு, ஈரம் போகப் போக மெல்லிய சத்தமாகும், குமிழியும் சின்னதாகும். அப்போது ஜல்லிக்கரண்டியில் அள்ளி, கம்பித் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் நிறுத்தி வையுங்கள். அடுக்கி வைத்தால் கீழே இருப்பது தன் ஆவியிலேயே நனைந்துவிடும்.

தொட்டுக்கொள்ள உப்பே போதும் என்பது என் கட்சி. பொரித்த நிமிடமே நல்ல உப்புத்தூளை மேலே சிட்டிகை தூவிச் சாப்பிட்டால் கீரையின் குணம் முழுதாகத் தெரியும். டென்ட்ஸுயு என்னும் தொடுசாறுதான் வேண்டும் என்றால் நான்கு பங்கு தாஷி என்னும் ருசிச் சாறு, ஒரு பங்கு சோயா சாஸ், ஒரு பங்கு மிரின் என்னும் இனிப்பான சமையல் அரிசி மது, ஒரு கொதி, பக்கத்தில் முள்ளங்கித் துருவல். இங்கே உங்கள் மனைவிக்காக ஒரு எச்சரிக்கை. கடையில் பாட்டிலில் விற்கும் டென்ட்ஸுயுவில் பெரும்பாலும் கட்ஸுவோ மீனின் சாறு இருக்கும். கொம்பு கடற்பாசியையும் உலர்ந்த ஷீதாகே காளானையும் இரவே தண்ணீரில் ஊறப்போட்டால் மறுநாள் சைவத் தாஷி தயார். கடையில் சாப்பிடும்போது கீரை டெம்புரா என்றாலும் இறால் பொரித்த அதே எண்ணெயாக இருக்கும், கேட்டுக்கொள்வது நல்லது.

நேராகப் பொரிக்கக்கூடாத கீரையும் உண்டு. வாராபி என்னும் பெரணியில் டாகிலோசைடு என்ற நஞ்சு இருக்கிறது, அது புற்றுநோய் தூண்டக்கூடியது. சாம்பலோ சமையல் சோடாவோ போட்ட கொதிநீரில் இரவு முழுக்க ஊறவைத்துப் பிறகு அலசினால் அதன் பெரும்பகுதி சிதைந்துவிடும். அப்படிச் செய்யாத வாராபியை எண்ணெயில் போடாதீர்கள். பாட்டி கொடுத்த பையில் சுருள் சுருளாக இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தால் அது வாராபியா, கோகோமி என்னும் இன்னொரு பெரணியா என்று அவரிடமே கேளுங்கள். கோகோமிக்கு அகு இல்லை, ஜப்பானில் நேராகவே பொரிக்கிறார்கள், நானும் விடுதியில் அப்படித்தான் பொரித்தேன். ஆனால் இங்கே கருத்து வேற்றுமை இருப்பதைச் சொல்லியாகவேண்டும். இதே இனப் பெரணியைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிட்டவர்களுக்கு 1994-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலும் மேற்குக் கனடாவிலும் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தது. காரணமான பொருள் எது என்று அப்போது கண்டுபிடிக்கவில்லை. கனடா அரசு இன்றும் 15 நிமிடம் வேகவைக்கவோ 10 முதல் 12 நிமிடம் ஆவியில் அவிக்கவோ சொல்கிறது, வதக்குவதும் பொரிப்பதும் அதற்குப் பிறகுதான். அப்படி வேகவைத்தால் கோகோமியின் நறுக்கென்ற கடி போய்விடும் என்பது உண்மை. குழந்தைகளும் வயதானவர்களும் சாப்பிடும் தட்டென்றால் நான் கனடா சொல்வதையே பின்பற்றுவேன்.

ஃபுகினோதோவிலும் கவனிக்க ஒன்று உண்டு. ஃபுகிச் செடியில் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் இயற்கையாகவே இருக்கின்றன. அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கும் வகை அவை. தண்ணீரில் கரையும் பொருள் என்பதால், வேகவைத்து நீரில் ஊறவைத்துச் சாப்பிடுங்கள், நிறையச் சாப்பிட வேண்டாம் என்று ஜப்பானின் விவசாய அமைச்சகம் அறிவுறுத்துகிறது. டெம்புராவில் அந்தத் தண்ணீர் வேலை நடப்பதில்லை. விடுதியில் ஒருவருக்கு இரண்டு மொட்டுக்கு மேல் வைத்ததில்லை. பருவத்தில் சில தடவை, அளவாகச் சாப்பிடும் பண்டம் இது. கர்ப்பிணிகளும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் தவிர்த்துவிடலாம் என்பது என் எண்ணம், டாக்டர் சொல்வதே முடிவு. மறுபக்கம், வசந்தக் கசப்பு குளிர்காலத்தில் உடம்பில் சேர்ந்த நஞ்சையெல்லாம் வெளியேற்றும் என்று ஜப்பானில் நிறையப் பேர் சொல்வார்கள். பழைய நம்பிக்கை, கேட்க இனிமையாகத்தான் இருக்கும். அதை நம்பி மருந்துபோல் தின்ன வேண்டாம்.

சரி, மலைக்குப் போகும் விஷயம். உள்ளூர்க்காரர் ஒருவர் கூட வராமல் போகாதீர்கள். ஃபுகினோதோ முளைக்கும் அதே ஈரமான இடங்களில் ஹஷிரிதோகோரோ என்ற செடியும் முளைக்கிறது. இளமையில் இரண்டும் ஏமாற்றும் அளவுக்கு ஒத்திருக்கும். அதில் அட்ரோபின், ஸ்கோபொலமின் இருக்கின்றன. சாப்பிட்டவருக்கு வாய் வறண்டு, கண்மணி விரிந்து, புத்தி தடுமாறும், உயிருக்கே ஆபத்தாகலாம். பொரித்தாலும் அந்த நஞ்சு போகாது. ஃபுகினோதோவை விரித்தால் உள்ளே சிறு பூமொட்டுகள் கொத்தாக இருக்கும், மணமும் தூக்கலாக இருக்கும். ஹஷிரிதோகோரோவில் சுருண்ட இலைகள்தான் இருக்கும். இதை எழுதிவிட்டேன் என்பதற்காக இதை மட்டும் வைத்துப் பறிக்கத் துணியாதீர்கள், போட்டோ அனுப்பி என்னிடம் கேட்கவும் வேண்டாம். போட்டோவைப் பார்த்து எந்தச் செடிக்கும் நான் உறுதி கொடுக்கமாட்டேன். செரி கீரைக்கும் தோகுஸெரி என்று ஒரு நச்சு இரட்டை உண்டு, உருய் கீரைக்கும் பைகெய்ஸோ உண்டு. ஒவ்வொரு வசந்தத்திலும் இவற்றை மாற்றிப் பறித்தவர்களின் செய்தி வருகிறது. அவர்களில் மலைக்குப் பழகியவர்களும் இருக்கிறார்கள்.

செடி தெரிந்தாலும் மற்றவை இருக்கின்றன. ஆளில்லாத மலைபோலத் தெரிந்தாலும் சொந்தக்காரர் இருப்பார், அல்லது ஊர் மக்களின் பொது உரிமை இருக்கும். கேட்காமல் பறிப்பது திருட்டாகத்தான் பார்க்கப்படும். தாரா மரத்தில் நுனிக் குருத்தை மட்டும் எடுப்பார்கள், பக்கக் குருத்துகளையும் எடுத்தால் மரம் பட்டுப்போகும். கரடி உண்டு. 2016-இல் அகிதா மாநிலத்தின் கஸுனோ பகுதியில் மலை மூங்கில் குருத்து பறிக்கப் போன நான்கு பேர் மே, ஜூன் மாதங்களில் கரடி தாக்கி இறந்தார்கள். கோஷியாபுரா மண்ணிலிருந்து கதிரியக்க சீசியத்தை மிக எளிதாக உறிஞ்சும் மரம். 2011 புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு, உணவில் கிலோவுக்கு 100 பெக்கரல் (கதிரியக்க அளவு) என்ற வரம்பைத் தாண்டியதால் பல மாநிலங்களில் காட்டுக் கோஷியாபுரா விற்பனைக்குத் தடை வந்தது. புகுஷிமாவை விட்டு வெகுதூரம் தள்ளியுள்ள ஊர்களிலும் தடை இருந்தது. பொரிப்பதால் சீசியம் குறையாது. உங்கள் ஊர் நிலவரத்தை நகராட்சியில் கேட்டால் சொல்வார்கள். இவ்வளவுக்கும் பதிலாக, சாலையோர மிச்சினோஎகி கடைகளில் பறித்த ஊர் பெயரோடு பாக்கெட்டில் விற்கிறார்கள். பாட்டி அழைத்துப் போனால் போங்கள், அவர் காட்டுவதை மட்டும் பறியுங்கள். இல்லையென்றால் அந்தக் கடைகளே போதும்.

பையில் இன்னும் மிச்சம் இருக்கும் என்று நினைக்கிறேன். ஈரச் செய்தித்தாளில் சுற்றி, கவரில் போட்டு ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டில் வையுங்கள். தாரானோமே இரண்டு, மூன்று நாள் தாங்கும். ஃபுகினோதோவை இன்றோ நாளையோ பொரித்துவிடுங்கள். விரிந்துபோன மொட்டுகளை டெம்புராவுக்கு வைக்காமல் ஒரு கொதி விட்டு, தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, பொடியாக அரிந்து எண்ணெயில் வதக்கி, மிசோ என்னும் புளித்த சோயா விழுது, மிரின், கொஞ்சம் சர்க்கரை சேர்த்துக் கிளறினால் ஃபுகிமிசோ ஆகும். தாஷி கலக்காத மிசோவாகப் பார்த்து வாங்கினால் அதுவும் சைவம்தான். சுடுசோற்றில் அரை ஸ்பூன் போதும், ஃபிரிட்ஜில் ஒரு வாரம் கெடாது.